ஒற்றைக் காதில் கேட்ட முதல் ஆல்பங்கள்

ராக் இசையில் தலைசிறந்த முதல் ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அப்படி இருபது பெயரை ஜனவரியில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, எதையும் தாண்டாமல், போனை நோண்டாமல் கேட்பது. இத்தனை வருடமாக ராக் கேட்கிறவன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, இந்த இருபதில் முழுதாகக் கேட்டிருந்தது நாலோ ஐந்தோதான்.

முதலில் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', 1963. போட்டதுமே ஏமாற்றம். டிரம்ஸ் கேட்கிறது, கிட்டார் கேட்கிறது, பாடுகிறவர்கள் மட்டும் பக்கத்து வீட்டுக் கூடத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்து மைக் அவ்வளவுதான் போல என்று நினைத்து, நோட்டில் 'குரல் எடுபடவில்லை' என்று எழுதியும் விட்டேன். பீட்டில்ஸின் பாடகர் ஜான் லெனனுக்கு இப்படி மார்க் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எட்டாவதாக 'லவ் மீ டூ' வந்தது. குரல் திடீரென்று காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பதாவது பாட்டிலும் அப்படியே. பத்தாவதில் மறுபடி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வீட்டில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று வயர் இயர்போனில் இடது பக்கத்தை மட்டும் மாட்டுவது என் வழக்கம். சந்தேகப்பட்டு வலதையும் மாட்டினேன். சத்தமே இல்லை. கடைக்கு எடுத்துப் போனால் அந்தப் பையன் வயரை நாலு தரம் வளைத்துப் பார்த்துவிட்டு, "ரைட்டு எப்பவோ போயிருச்சுண்ணே. ஒத்தைக் காதுலயா கேட்டுட்டு இருந்தீங்க?" என்றான்.

புதிது வாங்கி வந்து மறுபடி கேட்டபோதுதான் சங்கதி விளங்கியது. லண்டன் அபே ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தது இரண்டு டிராக் டேப்பில். வாத்தியங்கள் ஒன்றில், குரல்கள் இன்னொன்றில். பிறகு மோனோவாக, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தமாக, சேர்க்கும்போது குரலைக் கூட்டிக் குறைக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அன்றைக்கு மோனோதான் முக்கியம். ஸ்டீரியோவுக்கு ஒரு டிராக்கை இடது பக்கமும் இன்னொன்றை வலது பக்கமும் தள்ளிவிட்டார்கள். 'லவ் மீ டூ' அதற்கு முந்தைய செப்டம்பரில் பதிவானது. அதன் மூல டேப் இப்போது இல்லை, மோனோ மட்டும்தான் மிஞ்சியது. அதனால்தான் என் ஒற்றைக் காதுக்கும் அது முழுசாக வந்தது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இந்த முறை வேண்டுமென்றே இடதைக் கழற்றிவிட்டு வலதை மட்டும் மாட்டிக்கொண்டேன். குரல்கள் மட்டும், தனியாக, முகத்துக்கு நேரே. தலைப்புப் பாட்டின் கடைசிச் சரணத்தில் லெனன் வார்த்தையைத் தவறவிட்டுச் சமாளிப்பதும், உடனே வரும் வரியில் அடக்க முடியாமல் சிரிப்பு எட்டிப் பார்ப்பதும் அப்படியே கேட்கிறது. ஸ்டீரியோவில் மட்டும் உள்ள சமாசாரம் இது, மோனோவில் ஒழுங்காகப் பாடியிருக்கிறார்கள். பதினான்கு பாட்டில் பத்தை 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் முடித்தார்கள். லெனனுக்குச் சளி வேறு. தொண்டை கிழியும் என்று தெரிந்தே 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை ராத்திரி கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். முதல் முறை பாடியதுதான் ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது முறைக்குக் குரல் இல்லை. அந்தக் கரகரப்பை வலது காதில் மட்டும் கேட்டுப் பாருங்கள், நமக்கே தொண்டை வலிக்கும்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆல்பத்தையும் மூன்று முறை கேட்பது என்று ஆகிவிட்டது. இரண்டு காதில், இடதில் மட்டும், வலதில் மட்டும்.

இந்தப் பைத்தியத்துக்கு நன்றாக விளைந்தது ரமோன்ஸ் பேண்டு தன் பெயரிலேயே போட்ட முதல் ஆல்பம், 1976. பதினான்கு பாட்டு, மொத்தமே 29 நிமிடம். நியூயார்க்கில் 6,400 டாலரில் முடித்த ஆல்பம். அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் முழுக்க இடது பக்கம், கிட்டார் முழுக்க வலது பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவில். இடதில் மட்டும் கேட்டால் கிட்டாரே இல்லாத ராக் பேண்டு. வலதில் மட்டும் கேட்டால் கிட்டார்காரர் ஜானி ரமோனின் கை தெரிகிறது: மேலே போய் வருவதில்லை, கீழ்நோக்கிய அடி மட்டும்தான், பாட்டு முழுக்க அதே வேகத்தில். ஒரு பாட்டுக்கு நானும் தொடையில் தட்டிப் பார்த்தேன். முக்கால் நிமிடத்தில் மணிக்கட்டு கழன்றுவிட்டது. அறுபதுகளின் ஸ்டீரியோவைப் போல இப்படிப் பிரித்து வைத்தது தெரிந்தே செய்ததுதான். பேண்டில் எல்லோரும் பின்னால் ஒட்டிக்கொண்ட ரமோன் என்ற பெயரே பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் ஆரம்ப காலத்தில் வைத்துக்கொண்டிருந்த 'பால் ரமோன்' என்ற புனைபெயரிலிருந்து எடுத்தது. நால்வரும் அண்ணன் தம்பிகள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது.

பிளாக் சபாத் பேண்டின் முதல் ஆல்பம், 1970. இதில் காது விளையாட்டு அவ்வளவாக எடுபடவில்லை, தேவையும் படவில்லை. மழை, கோயில் மணி, பிறகு மூன்று சுரம். ச, மேல் ச, அதற்கப்புறம் பிரதிமத்யமம். கல்யாணி ராகத்தில் எத்தனை தடவை கேட்டுக் குளிர்ந்த அதே ம. இங்கே அது ராத்திரி கதவைத் தட்டுகிறது. 1969 அக்டோபரில் ஒரே நாளில், ஏறக்குறைய மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்தார்கள். பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமிக்குப் பதினேழு வயதில், பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் அவர் வேலைக்குப் போன கடைசி நாளில், வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு சுரமும் எப்படி விழுகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸில் ஒரு சறுக்கல். 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்ட்' கேட்டு முடித்து 'பர்ப்பிள் ஹேஸ்' பற்றி ஒரு பக்கம் எழுதியாயிற்று. பார்த்தால் 1967 மே மாதம் பிரிட்டனில் வந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டே இல்லை. ஆகஸ்டில் வந்த அமெரிக்கப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடுத்த வாரமே இன்னொரு கோடு. டோர்ஸ் பேண்டில் பேஸ் வாசிக்க ஆள் கிடையாது, கீபோர்டுக்காரர் ரே மன்சரெக் இடது கையாலேயே பேஸ் வாசிப்பார் என்பது தெரிந்த கதை. 'லைட் மை ஃபயர்' கேட்டுவிட்டு 'இடது கை அபாரம்' என்று எழுதினேன். ஸ்டூடியோவில் லாரி நெக்டெல் என்பவர் சில பாட்டுகளுக்கு பேஸ் கிட்டாரும் வாசித்திருக்கிறார், அதில் இதுவும் ஒன்று. நான் மெச்சிக்கொண்டது யார் கையை என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது.

பாஸ்டன் என்ற பேண்டின் முதல் ஆல்பம், 1976. டாம் ஷோல்ஸ் என்ற போலராய்ட் என்ஜினியர் வீட்டு நிலவறையில் வருடக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தது. கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம், ஒரு பிசிறு கிடையாது. எனக்குப் பிசிறு வேண்டியிருக்கிறது. ஒரு தடவையோடு எடுத்து வைத்துவிட்டேன்.

போன வாரம் வான் ஹேலன் பேண்டின் முதல் ஆல்பம், 1978. எடி வான் ஹேலனின் கிட்டார் பெரும்பாலும் இடது பக்கம், அதன் எதிரொலி வலது பக்கம். அதில் 'இரப்ஷன்' என்ற கிட்டார் தனி ஒரு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. இடதில் கேட்டால் விரல் தந்தியில் படுகிற கூர்மை. வலதில் கேட்டால் யாரோ காலி மண்டபத்தில் வாசித்துவிட்டுப் போன பிறகு சுவரில் மிஞ்சியிருக்கும் சத்தம். மூன்றாவது முறையாக வலதை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். இடது காது சும்மாதான் இருந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

இருபதில் பன்னிரண்டு முடிந்தது. ஜாய் டிவிஷன் பேண்டின் ஆல்பத்தை மழைக்காலத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.