காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம்

அக்டோபர் 9

நேத்து சாயங்காலம் குளிருதுன்னு போர்வை கேட்டார் அண்ணன், ராத்திரி தொட்டுப் பார்த்தா கொதிக்குது, 103. சளி இருமல் ஒண்ணும் இல்ல. தலைவலி மட்டும் கண்ணுக்குப் பின்னாடி இருந்து வருதாம், கண்ணை லேசா திருப்பினாலே உசுரு போகுதுன்னார். இடுப்பு, முட்டி எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. நான் அவசரத்துல இபுப்ரோஃபென் மாத்திரைய எடுத்துட்டேன், அண்ணிதான் கையப் பிடிச்சு நிறுத்தினாங்க. டாக்டரும் அதையேதான் சொன்னார், டெங்கு சந்தேகம் இருந்தா பாராசிட்டமால் மட்டும்தான், மத்த வலி மாத்திரையெல்லாம் ரத்தக்கசிவ அதிகமாக்கிடும்.

டெங்கு வைரஸ் இருக்கான்னு பார்க்கற என்எஸ் 1 டெஸ்ட் பாசிட்டிவ். உடம்பு எதிர்த்து உண்டாக்குற ஐஜிஎம் எதிர்ப்பொருள் இன்னும் நெகட்டிவ், அது தெரிய நாலஞ்சு நாள் ஆகுமாம். வெள்ளை அணு 3,400, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) 1,62,000, பிசிவி (ரத்தத்துல சிவப்பு அணு எத்தனை சதவீதம்னு காட்டறது) 41. "அந்த 41-ஐ மறக்காம குறிச்சு வைங்கம்மா"ன்னார் டாக்டர். ஏன்னு அப்ப புரியல, நோட்ல எழுதிட்டேன்.

அக்டோபர் 11

அட்மிட் பண்ணியாச்சு. காலையில இருந்து வாந்தி, ஓஆர்எஸ் ஒரு வாய் கூட நிக்கல. வெள்ளை அணு 2,100, பிளேட்லெட் 88,000, பிசிவி 43. ஈரல் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 312, எஸ்ஜிபிடி 148னு ரெண்டும் ஏறியிருக்கறத பார்த்ததும் மஞ்சள் காமாலையோன்னு பயந்துட்டேன். டெங்குல ஈரல் கொஞ்சம் அடிபடும், அதுலயும் எஸ்ஜிஓடி தான் கூடுதலா ஏறும்னு சிஸ்டர் பொறுமையா சொன்னாங்க.

பிபி பார்த்துட்டு பட்டைய கழட்டினாங்க, அது இறுக்கியிருந்த இடத்துக்குக் கீழ முழங்கை மடிப்பு வரைக்கும் ஊசி முனையால குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். விரலால அழுத்திப் பார்த்தேன், மறையவே இல்ல. தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்ச புள்ளியாம்.

அக்டோபர் 12

காலையில 98.4. காய்ச்சல் விட்டுருச்சு! அண்ணி அழுதே விட்டாங்க, நான் எல்லாருக்கும் போன் போட்டு சொல்லிட்டேன், எப்ப வீட்டுக்கு விடுவீங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டா அவர் முகத்துல சிரிப்பே இல்ல, "இனிமேதான்மா கவனமா இருக்கணும், அடுத்த ரெண்டு நாள் தாண்டட்டும்"னார்.

மதியமே தெரிஞ்சு போச்சு. வயித்து வலின்னு சுருண்டுட்டார், கை கால் சில்லுனு ஆயிருச்சு, எழுப்பினா முழிச்சுட்டு திரும்ப கண்ண மூடிக்கிறார். பிளேட்லெட் 34,000. நான் அதையே பார்த்துட்டு நிக்க, டாக்டர் அடுத்த வரிய காட்டினார், பிசிவி 50. 41ல இருந்து 50. அதாவது ரத்தக் குழாய்ல இருந்து நீர் வெளிய கசியுது, சிவப்பு அணு உள்ளயே இருக்கறதால ரத்தம் கெட்டியாகுது, 20 சதவீதத்துக்கு மேல ஏறினா கசிவு நல்லாவே இருக்குன்னு அர்த்தம். ஸ்கேன்லயும் பித்தப்பை சுவர் தடிச்சிருக்கு, வலது பக்க நுரையீரல சுத்தி கொஞ்சம் நீர். பிபி 100/76. மேல் நம்பர் பரவாயில்லையேன்னு கேட்டேன், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த பாருங்க, 20க்கு வந்துட்டா ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாம போற நிலை அப்படின்னார் டாக்டர்.

ராத்திரி பூரா ட்ரிப்ஸ். கண்டபடி ஏத்தல, யூரின அளந்து, பிசிவி பார்த்து, வேகத்த கூட்டி குறைச்சு குறைச்சு. நான் தூங்கவே இல்ல.

அக்டோபர் 13

பிளேட்லெட் 22,000. சொந்தக்காரங்க எல்லாம் பிளேட்லெட் ஏத்தச் சொல்லுங்கன்னு ஒரே நச்சரிப்பு, ரத்தம் கொடுக்க நாலு பேர் வந்து நிக்கிறாங்க, அவங்க மனசு புரியுது. ஆனா பல் ஈறுல லேசா கசிஞ்சதைத் தவிர வேற ரத்தப்போக்கு இல்ல, எண்ணிக்கை குறைஞ்சதுக்காக மட்டும் ஏத்தறதால பலன் இல்லன்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டார். நான் பிசிவியத்தான் பார்த்தேன். 45! இந்த ஒரு நம்பர் இறங்கினதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுவேன்னு நெனைக்கவே இல்ல. பிபி 112/74.

அக்டோபர் 14

பசிக்குதுன்னார்!! வெள்ளை அணு 3,800, பிளேட்லெட் 31,000, பிசிவி 40. முதல்ல வெள்ளை அணு ஏறும், பிளேட்லெட் பின்னாடியே வரும்னு சொன்னது அப்படியே நடக்குது. கசிஞ்ச நீர் உள்ள திரும்புறதால யூரின் நிறைய போகுது, ட்ரிப்ஸ நிறுத்திட்டாங்க, இப்பவும் ஏத்தினா நுரையீரல்ல நீர் கோர்த்துக்குமாம். நாடித்துடிப்பு 54னு பார்த்து பதறினேன், தேறி வர்றப்ப அப்படி குறையறது உண்டாம்.

கால் பூரா செக்கச்செவேல்னு தடிப்பு, நடுநடுவுல வெள்ளைத் திட்டு. உள்ளங்கை அரிப்பு தாங்கல அவருக்கு.

அக்டோபர் 16

பிளேட்லெட் 74,000. வீட்டுக்கு வந்தாச்சு. மாடிப்படி ஏற ரெண்டு தடவ நின்னார், இந்த அசதி இன்னும் சில வாரம் இருக்கலாமாம். காய்ச்சல் விட்ட அன்னிக்கு நான் போன் போட்டு நல்லாயிட்டார்னு சொன்ன ஒவ்வொருத்தருக்கும் இன்னிக்கு திரும்ப போன் போட்டு, அன்னிக்கு மதியம் என்ன ஆச்சுன்னு முழுசா சொன்னேன்.