இறங்கும் கோடும் ஏறும் கோடும்

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஓர் ஆய்வுக் கப்பலில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது, கடல்நீரை ஆழம் ஆழமாக அளக்கும் சி.டி.டி. கருவியைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. சென்சார், சர்க்யூட், கேபிள், எல்லாம் படித்ததுதானே என்று இருந்தேன். ஆளுயரக் கூண்டு, அதைச் சுற்றி, வேண்டிய ஆழத்தில் மூடி நீர் பிடிக்கும் நிஸ்கின் பாட்டில்கள், அடியில் கருவி. கடல்நீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் நொடிக்கு 24 தடவை அளந்து, கூண்டைத் தாங்குகிற கேபிள் வழியாகவே மேலே அனுப்பும். அழுத்தத்தை வைத்து ஆழம் தெரிந்துவிடும். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உப்புத்தன்மை கிடைக்கும். மேனுவலை இரண்டே நாளில் முடித்துவிட்டேன்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தவை நான்சென் பாட்டில்களும், தலைகீழாகக் கவிழும் பாதரச வெப்பமானிகளும். பாட்டில்களைக் கம்பியில் வரிசையாகக் கட்டி இறக்கிவிட்டு, மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பியோடு நழுவ விடுவார்கள். குண்டு தட்டியதும் முதல் பாட்டில் கவிழ்ந்து மூடிக்கொள்ளும். வெப்பமானிக்குள் பாதரச இழை அறுந்து, அந்த ஆழத்து வெப்பநிலை அப்படியே நின்றுவிடும். அதே நேரம் அடியில் தொங்கும் இன்னொரு குண்டு விடுபட்டு அடுத்த பாட்டிலுக்குப் போகும். அண்ணன் கம்பியில் விரலை வைத்து ஒவ்வொரு தட்டையும் எண்ணுவாராம். ஒரு தட்டு குறைந்தால் ஏதோ ஒரு பாட்டில் மூடவில்லை என்று அர்த்தம். அவ்வளவு பாடுபட்டும் ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து எண்கள்தான் தேறும். எனக்கோ 2000 மீட்டர் இறங்கி ஏறினால் லட்சக்கணக்கில் எண்கள். அவர் காலத்து வேலையை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பரிதாபப்பட்டேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கருவியை நீரில் விட்டதும் நேரே கீழே இறக்கக் கூடாது. 10 மீட்டரில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். சென்சாரில் உப்புநீர் பட்டு, சுமார் ஒரு நிமிடம் கழித்துத்தான் உள்ளே இருக்கும் சின்ன பம்ப் ஓட ஆரம்பிக்கும். அந்த பம்ப்தான் நீரைச் சீராக இழுத்து, வெப்பநிலை சென்சாரையும் மின்கடத்துதிறன் அளக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயையும் கடக்க வைக்கும். குழாய்க்குள் மாட்டிய காற்று வெளியேற, மேலே ஒரு சின்னத் துளை உண்டு. ஊசி முனை அளவுதான் இருக்கும். மேனுவலில் அதைப் பற்றி இரண்டு வரி இருந்தது. படித்தேன், மறந்துவிட்டேன்.

நான் தனியாகக் கருவியை இறக்கிய முதல் பயணம் வங்கக் கடலின் வடபகுதியில், தென்மேற்குப் பருவமழை முடிந்த அக்டோபரில். கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கொண்டுவந்து கொட்டிய நன்னீர், உப்புநீரின் மேல் எண்ணெய் போலப் பரவிக் கிடக்கும் பருவம். லேசான நீர் மேலே நின்றுவிட்டால் காற்று எவ்வளவு கலக்கினாலும் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் சுலபமாக மேலே வராது. மேற்பரப்பு சூடாகவே இருக்கும். அந்தச் சூடுதான் புயலுக்குத் தீனி. ஆகவே அந்த நன்னீர் அடுக்கு எத்தனை மீட்டர் கனம் என்பதை அறியத்தான் அந்தப் பயணமே.

நள்ளிரவு ஷிப்டில் திரையில் கோடு விழுந்தது. முப்பது மீட்டர் வரை உப்பு குறைவு, அதற்கப்புறம் சட்டென்று ஏற்றம். எதைத் தேடிப் போனோமோ அதுவே கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த இரண்டு இடங்களிலும் அதே மாதிரி. மூன்றையும் பிரிண்ட் எடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

காலையில் அண்ணன் டீ டம்ளரோடு வந்து வெகுநேரம் பார்த்தார். "ஏறும்போது எடுத்தது எங்க தம்பி?"

ஏறும்போது கூண்டு கலக்கிவிட்ட நீரில்தான் சென்சார் வரும், அதனால் இறங்கும்போது எடுத்ததைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று மேனுவலில் படித்ததை ஒப்பித்தேன். "அது சரி. அதையும் போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். அடியாழத்தில் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்திருந்தன. முப்பது மீட்டருக்கு மேலே மட்டும் பிரிந்துவிட்டன. ஏறும் கோட்டின்படி நன்னீர் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான்.

அப்போதும் அவர் எது சரி என்று சொல்லவில்லை. 20 மீட்டரில் மூடிய பாட்டிலிலிருந்து பிடித்து வைத்த நீரை எடுக்கச் சொன்னார். உப்புத்தன்மைக்கு நீர் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ணாடிக் குப்பியை அதே நீரால் மூன்று தடவை அலசி, நிரப்பி, இறுக்கி மூடி, ஆய்வகச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். அப்புறம் உப்பளக்கும் சாலினோமீட்டரில், இங்கிலாந்திலிருந்து வரும், உப்பளவு துல்லியமாகத் தெரிந்த நிர்ணயக் கடல்நீரோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். மறுநாள் அளந்தோம். குப்பி நீர் ஏறும் கோட்டின் பக்கம்தான் நின்றது.

காரணம் அந்தத் துளைதான். முந்தைய பயணத்தில் காய்ந்த உப்பு அதை அடைத்திருந்தது. காற்று வெளியேற வழியில்லாமல் குழாய்க்குள் நின்றுவிட்டது. பம்ப் ஓடியும் நீர் நகரவில்லை. காற்று கலந்ததால் மின்கடத்துதிறன் குறைந்து, கணக்கில் உப்பும் குறைந்தது. முப்பது மீட்டருக்குப் போனதும் அழுத்தத்தில் காற்று கால் பங்காகச் சுருங்கி விலக, நீர் ஓட ஆரம்பித்தது. திரையில் நான் பார்த்த அந்த ஏற்றம் அதுதான். வேறு கடலாக இருந்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். அங்கே நன்னீர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனதால், பழுது எனக்குப் பழுதாகத் தெரியவில்லை.

அண்ணன் ஒரு பழைய ஒயரைச் சீவி, ஒற்றைச் செப்பு இழையை உருவி, துளைக்குள் விட்டுச் சுழற்றினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. வேலை அரை நிமிடம்தான். ஆனால் கப்பல் அந்த மூன்று இடங்களையும் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. திரும்பிப் போக நேரமும் இல்லை, டீசலும் இல்லை. மேல் முப்பது மீட்டருக்கு 4 என்று குறியிட்டோம். 4 என்றால் கெட்ட தரவு. லாக் புத்தகத்தில் காரணத்தை என் கையாலேயே எழுதச் சொன்னார். எனக்குக் கை ஓடவில்லை. "எழுது தம்பி. நீ எழுதலன்னா பத்து வருசம் கழிச்சு எவனோ ஒருத்தன் இத நெசம்னு நம்பி உக்காந்திருப்பான்" என்றார். முகம் தெரியாத அந்த ஒருவனை நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் லாக் எழுதுகிறேன்.

ஆர்கோ மிதவைகள் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் அழுத்தமாகிவிட்டது. உலகக் கடல்களில் அவை ஏறக்குறைய 4000 மிதக்கின்றன. 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய், பத்து நாளுக்கு ஒரு தடவை 2000 மீட்டருக்கு இறங்கி, அளந்தபடி மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தரவு அனுப்பும். எந்தக் கப்பலும் போகாத இடத்திலிருந்தும், புயல் நாளிலும் தரவு வரும். நான் கையால் தூக்கிக் கடலில் விட்டவையும் அதில் உண்டு. விட்டுவிட்டால் அதைத் தொட்டுச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. நீர் பிடிக்கக் குப்பியும் இல்லை. சில மிதவைகளில் உப்பு அளவு வருடக்கணக்கில் மெல்ல நகர்ந்துவிடும். அதைத் திருத்தப் பக்கத்துக் கடலில் கப்பல் எடுத்த சி.டி.டி. அளவைத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்த சி.டி.டி. அளவுக்கு அத்தாட்சி குப்பி நீர்.

போன பயணத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னோடு ஷிப்டில் இருந்தாள். கூண்டு மேலே வந்தபோது ஆழத்துப் பாட்டில்கள் வியர்த்திருந்தன. 2000 மீட்டரில் நீர் மூன்று டிகிரிக்கும் கீழே. நீர் பிடித்து முடிப்பதற்குள் விரல் மரத்துவிடும். அவள் கையை உதறிக்கொண்டே திரைக்குப் போய், நான் சொல்லும் முன்பே இரண்டு கோட்டையும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் படிந்திருந்தன, 22 மீட்டரில் மட்டும் ஒரு சிறு விலகல்.

"அண்ணா, இது கடலா, கருவியா?"

துளையை இறக்கும் முன் நானே குத்திச் சுத்தம் செய்திருந்தேன். காற்றாக இருக்க வழியில்லை. கடலுக்குள்ளேயே ஓடும் உள்ளலை ஒன்று கடந்திருக்கலாம், இறங்கி ஏறுவதற்குள் கப்பல் நகர்ந்திருக்கலாம். அந்த ஆழத்துக் குப்பியை விளக்கில் பிடித்து மூடியைச் சரிபார்த்து, நேரத்தை எழுதி, பெட்டியில் வைத்தாள். நாளைக்கு இதே நேரம்தான் அளக்க முடியும்.