முக்கோணவியல்

"இருநூறுக்குப் போடுங்ண்ணா."

கோவை நஞ்சப்பா சாலையில் சிறைவாசிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க். மீதிச் சில்லறையை நீட்டியவரின் பார்வை, வண்டி முன்னால் கிடந்த மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குக் கையேட்டிலேயே நின்றது.

"முக்கோணவியல் நடத்திட்டாங்களா? எனக்கு அதுலதாங்க சிக்குது. இந்த வருசம் எழுதறேன்."

பக்கத்திலேயே அந்த நெடுஞ்சுவர். 1872-ல் வந்த சிறை. இப்போது காந்திபுரத்தின் இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது. வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்ததும் இங்கேதான். உடம்பைப் பிழிந்தெடுத்த அதே வளாகத்திலிருந்து ஒருவர் சைன், காஸ் பற்றிக் கவலைப்படுகிறார்!

தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளில் பத்தாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதுகிறார்கள் என்று வருடாவருடம் செய்தியில் படிப்பதுதான். முகத்தோடு பார்த்தது இன்றுதான்.

பின்னால் ஹாரன்.

கையேட்டைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். மகளுக்கு நாளைக்கு டெஸ்ட்.