எஸ்பார்த்தோ புல்லும் என்னோட கோணல் பின்னலும்

தெக்கு ஸ்பெயின்ல இருக்குற அந்தப் பண்ணை வீட்டுக்கு முதல் தடவ நான் போனது ஒரு பிப்ரவரில. மாட்ரிட்ல வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியும் பெரிய ஊர்களத் தவிர எதையும் பாக்கலயேன்னு ஒரு கடுப்புல கிரனாடாவுக்கு ரயில், அங்கருந்து ஒர்ஹிவாவுக்கு பஸ்ஸுன்னு கெளம்பிட்டேன். அல்புஹார்ரான்னு சொல்ற மலைப்பகுதி அது, சியர்ரா நெவாடாவோட தெக்குச் சரிவு. மேல பனி, கீழ படிப்படியா வெட்டின வயல்ல பாதாம் மரமெல்லாம் ஒரு இலை கூட இல்லாம வெள்ளையும் ரோஸுமா பூத்து நிக்குது. ஃபோட்டோ எடுத்தே சார்ஜ் தீந்துடுச்சு.

வீட்டுக்கார அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும், அவங்க அப்பாவுக்கு எம்பதுக்கு மேல. மூணு ரூமை விருந்தாளிங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க, மிச்சதெல்லாம் பாதாம், ஆலிவ், கொஞ்சம் கோழி, ஒரு பன்னி. இங்க எஸ்பார்த்தோங்கிற புல்லுல கூடை பின்ன கத்துத் தருவாங்கன்னு படிச்சுட்டுத்தான் போயிருந்தேன், அதனால சாப்பிடும்போதே "நாளைக்கு வச்சுக்கலாமா?"ன்னு கேட்டேன். அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. புல்லு தீந்துபோச்சாம். "ஜூலைல வந்து நீயே பிடுங்கு, அப்புறம் பின்னுறதப் பத்திப் பேசலாம்." காசு குடுக்குறோம் கத்துக் குடுங்கன்னு கேட்டா நடக்காத எடம்னு அப்பவே புரிஞ்சிருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி மழை, கட்டில் மேல சொட்டு சொட்டா ஒழுகுச்சு. அங்க ஓடு கிடையாது, தட்டையான மாடிதான். செஸ்ட்நட் மர உத்தரம், அதுமேல பலகைக் கல்லோ நாணலோ, அதுக்கும் மேல லவுனான்னு ஒரு சாம்பல் கலர் களிமண்ணைக் கொட்டி மிதிச்சு விடுறாங்க, ஈரம் பட்டா அது இறுகி தண்ணிய உள்ள விடாது. தேய்பிறையில போட்டாத்தான் பிடிக்கும்னு ஒரு நம்பிக்கை வேற. எங்க ரூம் மேல வளர்பிறையில போட்டாங்களோ என்னமோ. போர்த்திக்க ஒரு ஹராப்பாவும் குடுத்தாங்க, பழைய துணிய நாடா நாடாவாக் கிழிச்சு தறில நெய்யுற கனமான விரிப்பு அது. பம்பனேய்ரா ஊர்ல இன்னும் தறி ஓடுது, டூரிஸ்டுங்க வாங்கிட்டுப் போறாங்க. என்னோடதுல இருந்த நீலக் கோடு பெரியவரோட பழைய வேலைச் சட்டையாம்.

ரெண்டாவது தடவ மே மாசம். அப்ப புல்லப் பத்தி யாரும் பேசல, எல்லாம் தண்ணிதான். அசேக்கியான்னு மலைய ஒட்டி வளைஞ்சு வர்ற மண்வாய்க்கால், பேரே அரபு, அரபுக்காரங்க ஆண்ட காலத்துல வெட்டின ஏற்பாடு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உயரத்துல ஓடுற சில வாய்க்கால் நேரா வயலுக்கு வர்றதில்ல, பனி உருகுற தண்ணியக் கொண்டுபோய் மேல இருக்குற சரிவுலயே வேணும்னே ஊற விட்டுடுறாங்க, அது மலைக்குள்ள மெதுவா இறங்கி வாரக்கணக்கு மாசக்கணக்கு கழிச்சு கோடைல கீழ ஊத்தா வருது. தண்ணிய விதைக்கிறதுன்னே அங்க சொல்றாங்க. அணை இல்ல, மோட்டார் இல்ல. ஆள் இல்லாம நெறைய வாய்க்கால் தூந்துபோயும் கெடக்கு, பக்கத்துல கான்யார் ஊர்ல அப்படிக் கெடந்த ஒன்ன 2014-ல கிரனாடா யுனிவர்சிட்டிக்காரங்க தன்னார்வலர்களோட சேந்து தூர்வாரி மறுபடி ஓட விட்டாங்க.

நம்ம ஊர் நீர்கட்டி மாதிரி இங்கயும் முறை பாத்து விட ஒரு ஆள் உண்டு, அசேக்கேரோ. எங்க பண்ணைக்கு முறை வந்தது ராத்திரி ரெண்டு மணிக்கு! டார்ச்சும் மண்வெட்டியுமா அந்த அம்மா பின்னாடி போனேன், மடைய அடைச்சிருந்த தகரத்தத் தூக்கினதும் இருட்டுல தண்ணி சத்தம் மட்டும் முன்னாடி ஓடுது, நாங்க பின்னாடி ஓடுறோம். ஒரு பாத்திய நான் தப்பா வெட்டி விட்டு பாதித் தண்ணி பாதைல போயிடுச்சு, அதுக்கு வாங்கின திட்டு இங்க வேண்டாம்.

சொன்னபடி ஜூலைல போய் நின்னேன். எஸ்பார்த்தோ காஞ்ச சரிவுல தானா குத்துக் குத்தா வளர்ற புல்லு, கம்பி மாதிரி இருக்கும். அருவாளால அறுக்கக் கூடாது, பிடுங்கணும். இடது கையில ஒரு சின்னக் கட்டை, புல்லோட நுனிய அதுல சுத்தி வெடுக்குன்னு இழுத்தா குத்து அப்படியே நிக்க இலை மட்டும் கழண்டு வரும், அவங்க கைக்கு வரும், என் கைக்கு வரல. அஞ்சு மணிக்குக் கூப்பிட்டாங்க, நான் எந்திரிச்சது ஆறரை, ஒம்போது மணிக்கே வெயில் மண்டையப் பொளந்துடுச்சு. பிடுங்கினத வாரக்கணக்குல வெயில்ல பரப்பிப் போட்டா பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வரும். கயிறு திரிக்கணும்னா வேற வழி, வாரக்கணக்குல தண்ணில ஊறப்போட்டு, காயவச்சு, மரச் சுத்தியலால அடிச்சு நார் எடுக்கணும்.

இதே அல்புஹார்ராவுல, கடல் பக்கமா அல்புன்யோல்னு ஒரு ஊர், அங்க ஒரு வௌவால் குகை. 19-ம் நூற்றாண்டுல சுரங்கக்காரங்க உள்ள போனப்ப எஸ்பார்த்தோ கூடையும் செருப்பும் கெடச்சுது. 2023-ல வந்த ஆய்வுப்படி கூடைல சிலது சுமார் 9,500 வருஷப் பழசு, செருப்பு 6,200 வருஷம். இத நான் ரொம்ப ஆர்வமா பெரியவர்கிட்ட சொன்னேன், அவர் அசரவே இல்ல, "கழுதைக்குக் கூடை, ஆலிவ் பிழிய வட்டத்தட்டு, காலுக்குச் செருப்பு, எல்லாம் இதுதான், பிளாஸ்டிக் வந்துச்சு, போச்சு"ன்னுட்டு தூங்கப் போயிட்டார்.

நவம்பர்ல போனப்ப செஸ்ட்நட் சுட்டுத் தின்னேன், ஆலிவ் மரத்தடில வலை விரிச்சு கம்பால தட்டினேன், முதுகு போச்சு. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

ஜனவரில மத்தான்ஸா, அதாவது வருஷம் பூரா வளத்த பன்னிய அடிக்கிற நாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. எனக்குக் குடுத்த வேலை வெங்காயம், ரத்தத்துல செய்யுற மோர்சிய்யாங்கிற சாசேஜுக்கு, மூட்டைக் கணக்குல, கண்ணு ரெண்டும் வீங்கி பன்னிக்காக அழுவுறேன்னு நெனச்சு ஒரு பாட்டி முதுகுல தட்டிக் குடுத்தாங்க. கறி சாம்பிள் வெட்னரி டாக்டர்கிட்ட போய் புழு இல்லன்னு பதில் வர்ற வரைக்கும் யாரும் ஒரு துண்டு வாயில வைக்கல, அதுவரைக்கும் பூண்டு போட்டு வறுத்த ரொட்டித்தூள், மிகாஸ்தான்.

அன்னைக்கு ராத்திரி அடுப்புப் பக்கத்துல உக்காந்து பெரியவர் ஒருவழியா புல்லக் கையில குடுத்தார். முந்தின நாளே ஊறவச்சிருந்தார், இல்லன்னா ஒடியும். பட்டையா முடையுறதுக்குப் பேரு ப்ளெய்த்தா, எப்பவும் ஒத்தப்படைல பிரி எடுக்கணும், அவருக்குப் பத்தொம்போது, எனக்கு ஒம்போது. ஓரத்துல இருந்து ஒண்ண எடுத்து மேல கீழன்னு நடுவுக்குக் கொண்டாரணும், புல்லு தீரப்போற எடத்துல புதுசச் சொருகணும், நான் சொருகின எடமெல்லாம் முள்ளு மாதிரி நீட்டிட்டு நின்னுச்சு. அவர் டிவில ஃபுட்பால் பாத்துக்கிட்டே ஒரு முழம் முடிச்சுட்டார், குனிஞ்சு கையப் பாக்கவே இல்ல. எனக்கு மூணு ராத்திரில ஒரு சாண். அதுவும் ஒரு பக்கமா வளைஞ்சு வாழைப்பழம் மாதிரி.

அத இப்ப மாட்ரிட் வீட்டுல குக்கர் வைக்க வச்சிருக்கேன், ஆடுது. போன வாரம் ஜூலைக்கு ரூம் வேணும்னு அந்த அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். தேதி, வாடகை எதுவும் கேக்கல. "அஞ்சு மணிக்கு எந்திரிப்பியா?"ன்னு மட்டும் பதில் வந்திருக்கு.