டிக்கிக்குள் சப்வூஃபருக்கு இடம் தேடியது

காருக்கு எந்த சப்வூஃபர் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்), எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் என்று கடைக்காரரிடம் மணிக்கணக்கில் பேசுகிறோம். பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டால் "டிக்கியில்தான்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. டிக்கியில் எந்த மூலை, பின்சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் பாஸ் நன்றாகக் கேட்குமா கேட்காதா என்பதையே தீர்மானிக்கிறது.

என்னுடையது 2018 மாடல் டிசையர். 378 லிட்டர் டிக்கி, மடக்க முடியாத பின் இருக்கை. நான் வாங்கியது 10 அங்குல சப்வூஃபர், சுமார் 20 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டியில். துளை வைத்த பெட்டி இதே அளவு ஸ்பீக்கருக்கு இன்னும் அதிக இடம் கேட்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் ஏறும் டிக்கி இது. அதனால் அந்த யோசனை வீட்டில் எழவே இல்லை.

பொருத்த வந்தவர், பெட்டியைப் பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி, ஸ்பீக்கர் இருக்கையைப் பார்க்கும்படி வைத்தார். "சத்தம் நேராக உங்களை நோக்கி வரும் சார்" என்றார். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.3 மீட்டர், கிட்டத்தட்ட வண்டியின் நீளமே அவ்வளவுதான். இத்தனை நீளமான அலைக்கு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பொருட்டே அல்ல. அது எல்லாத் திசைக்கும் பரவும். பின்னால் போகும் அலை டிக்கியின் பின்சுவரில் மோதித் திரும்பும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம், அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை நேரே போகும் அலையை எதிர்த்து அதைக் குறைக்கும். இருக்கையோடு ஒட்டிய நிலையில் என் டிக்கியில் அந்தத் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் ஒலி குறையும் அந்தப் பள்ளம் 90 ஹெர்ட்ஸ் அருகில் விழும். முன் கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் கை மாற்றிக்கொள்ளும் இடம் அதுதான். தவில் வாசிப்பு ஒன்றைப் போட்டேன். வலந்தலையின் (கூர்மையாக ஒலிக்கும் வலப்பக்கம்) தெறிப்பு கதவிலிருந்து பளிச்சென்று வந்தது, தொப்பியின் (தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கம்) அடி மட்டும் வலுவிழந்து எங்கோ பின்னால் கேட்டது.

ஸ்பீக்கர் கம்பியை நீளமாக விட்டுக்கொண்டு, பெட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையின் தலைசாய்ப்பில் கைப்பேசியைக் கட்டி, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாக ஓடவிட்டு அளவைக் குறித்தேன். கைப்பேசியின் மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாக அளக்காது. ஆனாலும் அதே கைப்பேசியை அதே இடத்தில் வைத்து இரண்டு நிலைகளை ஒப்பிட அது போதும். இன்ஜின் உறுமினால் அளவீடு கெடும், அணைத்துவிட்டால் பேட்டரி இறங்கும். அதனால் கொஞ்ச நேரம் அளப்பது, பிறகு வண்டியை ஓடவிடுவது என்று போனது. தெருவில் போன பெரியவர் ஒருவர், வண்டியில் என்ன கோளாறு என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

பெட்டியைத் திருப்பி, ஸ்பீக்கர் டிக்கி கதவைப் பார்க்கும்படி, பின்சுவரிலிருந்து ஒரு சாண் விட்டு வைத்ததும் அந்தப் பள்ளம் காணாமல் போனது. இவ்வளவு குறைந்த தூரத்தில் அலைகள் மோதிக்கொள்வது 350 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். சப்வூஃபர் அந்தப் பக்கமே போவதில்லை. இடது மூலைக்குத் தள்ளியதும் ஒலி இன்னும் சற்று ஏறியது. தரையும் இரண்டு சுவர்களும் சேரும் இடம் பாஸைத் தாங்கிப் பிடிக்கும். பெட்டியை நிமிர்த்தி மேலே பார்க்க வைத்தாலும் மோசமில்லை, ஆனால் அதன்மேல் எதையும் வைக்க முடியாது.

அடுத்து, சப்வூஃபரின் அலையை 180 டிகிரி தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச். இதைத் தொடாமலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். 80 ஹெர்ட்ஸில் பிரித்து (அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே முன் ஸ்பீக்கர்கள்), முன் ஸ்பீக்கர்களையும் சேர்த்து ஓடவிட்டு, 0, 180 இரண்டிலும் கேட்டேன். என் வண்டியில் 180இல் தொப்பியின் அடி டாஷ்போர்டுக்கு நகர்ந்து வந்தது. உங்கள் வண்டியில் வேறாக இருக்கலாம். பிரிக்கும் இடத்தில் எது உரக்கக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் இருந்தால், எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டும்படி முன் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தலாம். ஒரு மீட்டர் தூர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லி செகண்ட்.

பாஸ் சரியானதும் வண்டி பேச ஆரம்பித்தது. 45 ஹெர்ட்ஸ் அருகில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயந்து, வெளியே வந்து நம்பர் பிளேட்டை விரலால் அழுத்தினேன், நின்றுவிட்டது. பிளேட்டுக்குப் பின்னால் நுரைப் பட்டை ஒட்டினேன். ஜாக்கியையும் எச்சரிக்கை முக்கோணத்தையும் பழைய துணியில் சுற்றினேன். டிக்கி கதவின் உட்பக்கம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டியதில் மீதிச் சத்தமும் அடங்கியது. அதற்குச் செலவான பணம், ஆம்ப்ளிஃபயரில் கூடுதல் வாட்டுக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது என்பேன்.

ஸ்பீக்கருக்கு இரும்பு வலை அவசியம், உருளும் தேங்காய்க்குக் கூம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பெட்டியையும் கட்டாமல் விடக் கூடாது. திடீர் பிரேக்கில் அந்த எடை பின் இருக்கையில் வந்து மோதும். தரையில் திருகு இறக்குவதானால், கீழே பெட்ரோல் குழாயோ வயரோ போகிறதா என்று முதலில் குனிந்து பார்த்துவிடுங்கள். நான் திருகாமல் பக்கிள் வைத்த பட்டையால் கட்டியிருக்கிறேன். ஸ்டெப்னி அந்தத் தரைப் பலகைக்கு அடியில்தான் இருக்கிறது. கம்பியின் நுனியில் கழற்றி மாட்டும் இணைப்பானும் இருப்பதால், பஞ்சர் ஆனால் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க அதிக நேரம் ஆகாது.