சாட்டிக் கடலில் என் பாயும், பஸ்ஸில் விழுந்த மடிப்பும்

காலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கி, பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறந்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. என் விண்ட்சர்ஃபிங் பாய் இருந்த பை நேராக இல்லை. ஸ்பெயார் டயருக்கு மேலே நடுவில் வளைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு சூட்கேஸ், சூட்கேஸுக்கு மேலே யாரோ ஒருவருடைய அரிசி மூட்டை. முதல் நாள் இரவு கொழும்பு வெள்ளவத்தையில் நானே அதைத் தரையோடு நீட்டி வைத்துவிட்டு, "தம்பி, இதுக்கு மேல ஒண்டும் வைக்காதையுங்கோ, வளைஞ்சால் பழுதாப்போயிடும்" என்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன். டிக்கெட் 3,200 ரூபா. பைக்கென்று தனியாக 1,000 ரூபாவும் வாங்கினார்கள். அந்த ஆயிரம் எதற்கு? டயருக்கு மேலே படுக்க வைப்பதற்கா? கேட்டேன். "வழியில சாமான் கூடிப்போச்சு அக்கா" என்றான் பொடியன். அவ்வளவுதான் பதில்.

இந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து வேலணைத் தீவுக்கு விண்ட்சர்ஃபிங் செய்யப் போனது எப்படி, செலவு எவ்வளவு, பாயை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழுவுவது என்று ஒழுங்காக எழுத நினைத்தேன். பார்ப்போம்.

விண்ட்சர்ஃபிங் பார்க்காதவர்களுக்கு: பலகை ஒன்று, அதன்மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரம், அதில் ஒரு பாய். நின்றுகொண்டு, பூம் என்ற வளைந்த பிடியைக் கையால் பிடித்து ஓட்டுவது. பாய் என்றதும் துணி என்று நினைக்காதீர்கள். என்னுடையது 5.8 சதுர மீட்டர், பெரும்பகுதி மோனோஃபிலிம், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பொலியெஸ்டர் தாள். மரம் நுழையும் உறை மட்டும்தான் துணி. கீழ்ப்பகுதியில் எக்ஸ்-பிளை. அது இரண்டு தாள்களுக்கு நடுவே நூல் வலை வைத்து ஒட்டியது, கொஞ்சம் முரடு தாங்கும். மோனோஃபிலிம் தாங்காது. ஒரு முறை கூர்மையாக மடிந்தால் அந்த இடம் வெள்ளைக் கோடாகிவிடும். அந்தக் கோடு இனி எந்தக் காலத்திலும் போகாது, கிழிசல் தொடங்குவதும் அங்கிருந்துதான். புதுப் பாய்க்கு நான் எங்கே போவேன்? இதுவே நாட்டைவிட்டுப் போன ஒருவரிடம் ஆறு மாதம் தவணையில் வாங்கியது.

பலகையைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்தேன். அதை ஒரு வாரத்துக்கு முன்பே, வெங்காயம் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறி ஒன்றில் வேலணைக்கு அனுப்பினேன். பூமும் இரண்டு துண்டுப் பாய்மரமும் அதோடு கட்டிப் போயின. ஒரு கீறல் இல்லை. லொறிக்கார அண்ணை பழைய மெத்தை ஒன்றை அடியில் போட்டிருக்கிறார். வாங்கியது 1,500 ரூபா. அவருக்கு இந்த இடத்தில் பெரிய நன்றி.

பஸ் நிலையத்திலிருந்து வேலணைக்கு ஓட்டோ. முதலில் கேட்டது 4,500. பை நீளம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பொலிஸ் பிடிக்கும் என்று காரணங்கள். பேசிப் பேசி 3,000. மாமா வீட்டு வாசலில் மச்சாள் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு குடுத்தனீ?" சொன்னேன். தலையில் கை வைத்தாள். 1,800க்கு வருவார்களாம். அன்றைக்கு எனக்கு நல்ல நேரமில்லை. ஆனால் பண்ணைப் பாலத்தில் அந்த விடியல்! இரண்டு பக்கமும் களப்பு, இறால் கூடுகளின் தடிகள், எல்லாம் செம்பு நிறத்தில். காற்று அப்போதே எழும்பியிருந்தது. ஜூலை மாதச் சோளகம், ஓட்டோவின் படங்கை அடித்துக் கிழிக்கிற மாதிரி. அதைக் கேட்டதும் பாதிக் கோபம் போய்விட்டது.

முற்றத்தில் பழைய ஓலைப்பாய்கள் இரண்டை விரித்து, அதன்மேல் என் பாயை உருட்டித் திறந்தேன். நடுத் துண்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. சுற்றிவர இன்னும் ஏழெட்டு மெல்லிய நெளிவுகள். மச்சாள் அயன் பண்ணிப் பார்ப்போமா என்றாள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சூடு பட்டால் தாள் சுருங்கி இழுத்துக்கொள்ளும், பாயின் வடிவமே போய்விடும்.

அப்போதுதான் பக்கத்து வளவு ஐயா வந்தார். எழுபதைத் தாண்டியவர், இளவயதில் பாய் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். வந்தவர் கோட்டின்மேல் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். நகத்தால் தொடவில்லை, விரல் வயிற்றால். "துணிப் பாய் கசங்கினால் காத்து நிமித்திப்போடும் பிள்ளை. உது துணியில்லை. உது குருத்தோலை காவோலையான மாதிரி, முறிஞ்சால் முறிஞ்சதுதான்."

இதைவிடச் சரியாக எனக்கு யாரும் சொன்னதில்லை. புதுத் தாள் குருத்தோலை, வளைத்தால் வளையும். வெயில் தின்னத் தின்ன அது காவோலை. என் பாய் எத்தனையோ வெயில் கண்டது. அதனால்தான் அரிசி மூட்டைக்கே முறிந்தது.

ஆனால் எல்லா நெளிவும் முறிவல்ல. மெல்லிய நெளிவுகளைக் கண்டு பதற வேண்டாம், பூட்டி இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். முறிவுக்கு மட்டும் வைத்தியம் செய்தோம். ஸ்பிரிட்டால் துடைத்து உப்பையும் எண்ணெய்ப்பசையையும் போக்கி, பாய்க்கென்றே விற்கும் தெளிவான ஒட்டுநாடாவை முன்னும் பின்னும் ஒட்டினேன். நாடாவின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்ட வேண்டும். கூர் மூலை இருந்தால் அதில் தொடங்கித்தான் உரியும். காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்க்க ஐயா ஒரு சிரட்டைத் துண்டு தந்தார்.

பின்னேரம் வேலணையின் சாட்டிக் கடற்கரை. ஆழமில்லாத தெளிந்த தண்ணீர், தூரத்துக்கு நடந்தே போகலாம். இனி நான் சொல்லப்போவதை விண்ட்சர்ஃபிங் பழகுகிற எல்லோரும் கேளுங்கள். பாய்க்குப் பெரும்பாலும் மடிப்பு விழுவது கடலில் அல்ல. கரையில், பூட்டுகிற பத்து நிமிடத்தில்தான். காற்று அடிக்கிறது, கை பரபரக்கிறது, மரத்தை உறைக்குள் ஒரே தள்ளாகத் தள்ளுகிறோம். உறை முன்னால் போய்க் குவியும், அதோடு சேர்ந்து தாளும் குறுக்காக நொறுங்கும். பெந்தோட்டையில் பழகிய காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். இந்தப் பாயின் தலைப்பக்கத்தில் இருக்கும் சிறிய கோடுகள் எல்லாம் அந்தக் காலத்தில் விழுந்தவை.

இப்போது செய்வது வேறு. பாய்மரப் பக்கம் காற்றைப் பார்க்கும்படி விரிப்பேன், அப்போதுதான் காற்று அடியில் புகுந்து தூக்காது. மச்சாள் தலைப்பக்கத்தை இலேசாகப் பிடித்துக்கொள்வாள். மரத்தை ஒரு முழம் தள்ளுவேன், நிறுத்துவேன், குவிந்த உறையைக் கையால் நீவிக் கீழே கொண்டுவருவேன், திரும்ப ஒரு முழம். பூம் மாட்டும் வெட்டுவாயில் கையை விட்டு மரத்தின் நுனியை வழிநடத்தலாம். தாளின்மேல் முழங்காலை ஊன்றவே கூடாது. அடியில் ஒரு சிப்பி கிடந்தால் போதும்.

அடுத்தது இழுவை. என் பாயின் மரப்பக்க நீளம் 432 சென்ரிமீட்டர், மரம் 430. ஆகவே மரத்தின் அடியில் நீளத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷனை 2 சென்ரிமீட்டரில் வைப்பேன். முதலில் டவுன்ஹோல், அதாவது பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு. நிறையப் பேர் இதில்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். கையால் இழுத்துவிட்டுப் போதும் என்று விடுவார்கள். மரத்திலிருந்து பூமின் பின்நுனியை நோக்கி நீளச் சுருக்கங்கள் தெரிந்தால் டவுன்ஹோல் போதவில்லை என்று அர்த்தம். காலை ஊன்றி, பாயின் மேற்பகுதிப் பின்விளிம்பு தளர்ந்து தொங்கும் வரை இழுக்க வேண்டும். பார்க்கப் பிழை போலத்தான் இருக்கும், ஆனால் அதுதான் சரி. அதன்பிறகு பூமின் நுனியில், பாயைப் பின்னோக்கி இழுக்கும் கயிறான அவுட்ஹோல், இரண்டு மூன்று சென்ரிமீட்டர் மட்டும். கடைசியாக பேட்டன்கள், அதாவது பாயின் குறுக்கே செருகியிருக்கும் விறைப்பான குச்சிகள். பேட்டன் பைகளுக்குக் குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கம் நின்றால், அது மறையும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும்.

இழுத்து முடித்தபோது பஸ் கொடுத்த ஏழெட்டு நெளிவில் ஒன்றுகூட இல்லை. ஒட்டுப்போட்ட அந்த ஒரு கோடுதான். கூட வந்திருந்த ஐயா கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கதையைப் பிறகு அவர்தான் ஆறுதலாகச் சொன்னார். அந்த நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. நான் ஓடினேன். சோளகம் பக்கவாட்டில் பிடித்தது, பலகை எழும்பித் தண்ணீரைத் தட்டிக்கொண்டு பறந்தது. இரண்டு மணி நேரம்! இரண்டு தரம் கடலில் வளரும் சாதாளை, பலகையின் அடியிலுள்ள ஃபின்னில் சிக்கி விழுந்தேன். விழும்போது பாயின்மேல் விழாமல் பூமைப் பிடித்துக்கொண்டே பின்னால் விழப் பாருங்கள். முழங்கையோ முழங்காலோ பட்டுத்தான் நிறையப் பாய்கள் கிழிகின்றன.

கரைக்கு வந்ததும் அவுட்ஹோலை முதலில் தளர்த்தி, பிறகு டவுன்ஹோல். பாயைப் பூட்டியபடி வெயிலில் விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள். கழுவுவதில்தான் எனக்கு மனச்சங்கடம். தீவுப்பகுதியில் நல்ல தண்ணீர் இலேசான சாமான் இல்லை, பல கிணறுகள் உவர். மாமி தண்ணீர் எடுத்து வைக்கும் சிரமத்தைப் பார்த்த பிறகு குழாயைப் பிடித்துப் பீச்ச எப்படி மனம் வரும்? இரண்டு வாளி, ஒரு மெல்லிய துணி. முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டு, பிறகுதான் துணியால் ஒற்றினேன். மணலோடு தேய்த்தால் தாள் முழுக்கக் கீறல். வேப்பமர நிழலில் காயவிட்டேன். ஈரத்தோடு சுருட்டினால் உறை பூஞ்சணம் பிடிக்கும்.

இரவு ஒடியல் கூழ். இதைச் சொல்லாமல் எப்படி விடுவது! நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் குழைந்து, புளியும் உறைப்பும் ஏறி, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார்கள். மூக்கிலிருந்து தண்ணீர் வடிய வடிய மூன்று பிளா குடித்தேன். கொழும்பில் கடையில் விற்கும் கூழ் கூழே இல்லை, அது வேறு ஏதோ.

நாலு நாளும் காற்று ஏமாற்றவில்லை. திரும்பும்போது பஸ்ஸை நம்ப எனக்கு விருப்பமில்லை. மாமா ஹார்ட்வெயார் கடையில் ஆறு அங்குல பிவிசி பைப் வெட்டுத் துண்டு ஒன்று, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 2,600 ரூபாவுக்குப் பேசி வாங்கித் தந்தார். கையிருப்பில் பெரிய ஓட்டைதான். ஆனாலும் கொடுத்தேன். பாயைத் தலையிலிருந்து அடி நோக்கி, பேட்டன்கள் சுருளோடு ஒரே திசையில் கிடக்கும்படி, இறுக்காமல் சுருட்டினோம். ஐயா ஒரு முனையைப் பிடித்தார். ஓரிடத்தில் உறை தடித்துக்கொண்டு நின்றது. அவர் நிறுத்தச் சொல்லி, இரண்டு சுற்றுப் பின்னால் அவிழ்த்து, உறையைத் தட்டையாக நீவிவிட்டுத்தான் மேலே சுருட்ட விட்டார். பைப்புக்குள் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

காலை ரயிலில் பைப்பை ஜன்னலோரம் சாய்த்துக் கயிற்றால் கட்டி, என் காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வீட்டில் விரித்துப் பார்த்தேன். அதே ஒரு சாண் கோடு, அதன்மேல் நாடா. புதிதாக ஒன்றும் இல்லை.