மூன்றாவது படம்

கடந்த நான்கு வருஷமாக என் வேலை, காட்டு விலங்குகளின் படங்களுக்குப் பெயர் போடுவது. கேமராவை மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். உடல் சூடுள்ள ஏதாவது முன்னால் அசைந்தால் அது தானாகவே படம் எடுக்கும். மாதக்கணக்கில் காட்டில் கிடந்த மெமரி கார்டுகள் கடைசியில் பெங்களூர் ஜெயநகரில் எங்கள் மாடிக்கு வந்துசேரும். மான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மாடு, மனிதர், காலி என்று ஒவ்வொன்றாக டேக் போடுவோம். பாதிக்கு மேல் காலிதான். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் கேமரா ஏமாந்துவிடும்.

போன ஜனவரியில் ஒரு மதியம். படத்தின் கீழே பதிவாகியிருந்த நேரம் இரவு 2:47. கறுப்பு வெள்ளைப் படம். ஒற்றையடிப் பாதையில் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். இரண்டு கைகளும் தொங்குகின்றன. தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்பாக ஏதோ போர்த்தியது போல இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆடு மேய்ப்பவர்கள் போடும் கறுப்புக் கம்பளிதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. 'மனிதர்' என்று தட்டிவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் கோயம்புத்தூர்த் தம்பி. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "அக்கா, கொஞ்சம் இருங்க. இவருக்குக் கழுத்தே இல்லைங்களே" என்றான். பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது. அவன் குரல் இறங்கிவிட்டது. "பனிமனிதன் மாதிரியே இருக்குதுங்க அக்கா."

எங்கள் கேமரா ஒரு முறை விழித்தால் அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும். இரண்டாவதைத் திறந்தேன், வெறும் கலங்கல். மூன்றாவதில் அது நான்கு காலில் இறங்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிறிய நீண்ட மூஞ்சி, சடைசடையாக மயிர், முன்னங்காலில் விரல் நீளத்துக்கு நகங்கள்.

டீ கொண்டுவந்த அண்ணன் டம்ளர்களை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம். "கரடிம்மா. மோப்பம் புடிக்க இப்படித்தான் எந்திரிச்சு நிக்கும். ராத்திரில மனுசன்னு நெனச்சுக் குரல் குடுத்துட்டுக் கடிபட்டவங்க எங்க ஊர்ல உண்டு."

எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் அலுவலகத்தில் 'மனிதர்' என்று டேக் போட்ட படத்தை யாரும் மறுபடி திறப்பதில்லை. சுள்ளி பொறுக்க வரும் பெண்களின் முகம் தேவையில்லாமல் நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் தம்பி கவனித்திருக்காவிட்டால் அந்த இரவில் அந்தப் பாதையில் கரடியே நடக்கவில்லை என்று ஆகியிருக்கும்.

சாயங்காலம் அவன் கேட்டான். "அப்போ பனிமனிதன் இல்லவே இல்லைங்களா அக்கா?" கேட்ட விதத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. எனக்கும் சின்ன வயசில் இருந்த ஏக்கம் அது. அதனால் ஒற்றைச் சொல்லில் முடிக்க மனம் வரவில்லை.

பார்த்ததாகச் சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. 1951-ல் எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேய மலையேறி எவரெஸ்டுக்கு மேற்கே மென்லுங் பனியாற்றில் ஒரு காலடித் தடத்தைப் படம் எடுத்தார், பக்கத்தில் பனிக்கோடரியை அளவுக்கு வைத்து. உலகம் யெட்டியை, அதாவது இமயமலைப் பனிமனிதனை, நம்பத் தொடங்கியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2019 ஏப்ரலில் நம் இராணுவமும் நேபாளத்தில் மக்காலு மலையின் அடிவார முகாம் அருகே 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் தடங்களைப் பார்த்ததாகப் படத்தோடு வெளியிட்டது. தடம் நிஜம்தான். கரடி நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கால் வைத்த இடத்திலேயே பாதி விழும். இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பாதமாகத் தெரியும். அதன்மேல் வெயில் பட்டுப் பனி உருகினால் ஓரங்கள் விரிந்துகொண்டே போகும். காலையில் சாதாரணமாக இருந்த தடம் மதியத்துக்குள் அரக்கன் காலாகிவிடும்.

தடத்தை விட மயிரும் எலும்பும் நேராகப் பேசும். நேபாளத்தில் கும்ஜுங் கிராமத்தில் யெட்டியின் தலைத்தோல் என்று பாதுகாத்துவந்ததை 1960-ல் எவரெஸ்ட் ஏறிய ஹிலாரியின் குழு வாங்கிக்கொண்டு போய்ச் சோதிக்கக் கொடுத்தது. செரோ என்ற மலையாட்டினத்தின் தோலில் செய்தது என்று தெரிந்தது. 2017-ல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் என்ற உயிரியல் ஆய்வாளரின் குழு, யெட்டியுடையவை என்று சொல்லப்பட்ட 9 மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தது. எட்டு கரடி, ஒன்று நாய். மேகாலயாவின் காரோ மலைகளில் மந்தே பாருங் என்று ஒரு காட்டுமனிதனைச் சொல்வார்கள். 2008-ல் அதன் மயிர் என்று சோதனைக்குப் போனது கோரல் ஆட்டின் மயிராக முடிந்தது.

தம்பி விடவில்லை. "அருணாச்சலத்துல புதுசா ஒரு குரங்கையே கண்டுபிடிச்சாங்களே?" நல்ல கேள்வி, எங்கள் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்டதும் கூட. 2005-ல் அருணாச்சல மக்காக்கை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் பெங்களூர் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் அனிந்த்ய சின்ஹா. அதன் அறிவியல் பெயரில் உள்ள 'முன்சாலா' அங்கே வாழும் மோன்பா மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர். அடர்காட்டுக் குரங்கு என்று அர்த்தம். அந்த மக்களுக்கு அது ஒருநாளும் மர்மமாக இருந்ததில்லை. வெளியிலிருந்து போனவர்கள் தேடிப் பார்த்ததும் கூட்டமாக, குட்டிகளோடு கண்ணில் பட்டது. படமும் எடுத்தார்கள்.

எனக்கு அங்கேதான் இடறுகிறது. ஒரு பனிமனிதன் மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் தனியாக வாழ முடியாது. தாய் வேண்டும், குட்டி வேண்டும், கூட்டம் வேண்டும். கூட்டம் இருந்தால் சாணம் இருக்கும், செத்த உடல் இருக்கும். 2018-19 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து 3,48,58,623 படங்கள் எடுத்தார்கள். புலி தெரிந்தவை 76,651. அவை புலி வாழும் காடுகள்தான், பனிமலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எங்கள் கேமராவில் யானையின் வால்நுனி மட்டும் பட்ட படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆள் உயர விலங்கு ஒன்று வால்நுனி அளவுக்குக்கூடச் சிக்காமல் வாழ்ந்துவிடும் என்று நம்ப முடியவில்லை. "இல்லைன்னுதான்டா தம்பி நெனக்கிறேன்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மறுநாள் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, நான் 'மனிதர்' என்று போட்ட இரவுப் படங்களை மட்டும் மறுபடி பார்க்க அனுமதி வாங்கினேன். இரண்டு சாயங்காலம் ஆனது. அதில் வேறு கரடி எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்தது. தம்பிதான், "கரடின்னு போட்டதையும் ஒருக்கா பாத்துரலாங்க அக்கா" என்றான்.

அதில் ஒன்று, விடியற்காலை 5:20. பாதை ஓரத்தில் கறுப்பாக ஒரு குவியல் குனிந்திருக்கிறது. டேக் போட்டது நான்தான். அந்தத் தொடரின் மூன்றாவது படத்தைத் திறந்தோம். கம்பளியை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்துகொண்டிருந்தார், கையில் அறுந்த செருப்பு. 'மனிதர்' என்று மாற்றிவிட்டுப் படத்தை மூடினேன்.